இலை விட்டால் மரம்

ரம்பம் உறுமியது, சீறியது, கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது, பிறகு வாயை மூடிக்கொண்டது.

ரம்பக்காரர் மெஷினைத் தரையில் வைத்துவிட்டு, அறுந்து தொங்கிய சங்கிலியைத் தூக்கிப் பிடித்தார். பாதிப் பல் போயிருந்தது.

"உள்ள கம்பி இருக்கு சித்தி."

"மரத்துக்குள்ள கம்பி எப்படிங்க வரும்?"

"வேலிய ஒட்டி வளர்ற மரம் கம்பிய முழுங்கிடும். முழுங்கிட்டு மேல தோலை மூடிக்கும். வெளிய பாத்தா நல்ல பிள்ளை மாதிரி நிக்கும்."

ரம்பக்காரருக்குச் சித்தியைவிட வயது கூட. ஆனாலும் அவருக்கும் அவள் சித்திதான். அவள் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் கொண்டுவந்து விடுகிற வாண்டுகள் எல்லாம் அவளைச் சித்தி என்று கூப்பிட, அது அம்மாக்களுக்குத் தொற்றி, தபால்காரருக்குத் தொற்றி, கடைசியில் தெருவுக்கே தொற்றிவிட்டது. அவள் கணவர் சும்மா இருந்தே சித்தப்பா ஆனவர்.

"சங்கிலி வேற இருக்கா?"

"வண்டில இருக்கு. ஆனா இந்த இடத்துல அறுத்தா அதுவும் போயிடும். கம்பிக்குக் கீழ, தரையோட தரையாத்தான் வைக்கணும். சாப்பிட்டு வந்து வைக்கிறேன்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சித்தி மட்டும் நின்று அந்த மரத்தை முறைத்தாள். அதை முறைப்பதில் அவளுக்கு வருடக்கணக்கில் பழக்கம்.

வீட்டின் பின்பக்கம் குழந்தைகள் விளையாடும் முற்றம். முற்றத்தின் எல்லையில் கம்பிவலை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் லாரிகள் பறக்கும் ரோடு. அந்த வேலி நெடுக வரிசை கட்டி நின்றன மரங்கள். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் விட்டதில்லை. காற்றோ காக்காயோ போட்ட விதை. பூக்காது, காய்க்காது, உட்கார நிழல்கூட ஒழுங்காகத் தராது. கம்பளிப்பூச்சி மட்டும் தாராளமாகத் தரும். பிள்ளைகள் கை காலெல்லாம் தடித்துக்கொண்டு வந்து நிற்க, மருந்து தடவித் தடவியே காப்பகத்து ஆயாவுக்கு விரல் ரேகை அழிந்துவிட்டது.

சித்தி செய்யாத வைத்தியம் இல்லை. கன்றாக இருக்கும்போது பிடுங்கினாள். வேர் அறுந்து, ஒன்று இருந்த இடத்தில் மூன்று வந்தது. உப்பைக் கொட்டினாள், சுற்றியிருந்த புல் செத்தது, மரம் செழித்தது. கொதிக்கும் தண்ணீரை ஊற்றினாள். காலில் தெறித்து அவள்தான் வெந்தாள். ஒவ்வொரு முறையும் கணவரிடம் சொன்னாள். அவர் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்." எந்த ஞாயிறு என்று அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

இப்போது கேட்டே ஆகவேண்டிய நிலைமை. போன வாரம் காப்பகத்தின் லைசென்ஸைப் புதுப்பிக்க ஓர் ஆபீஸர் அம்மா வந்திருந்தார். சமையலறை சரி, கழிப்பறை சரி, படுக்கை சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர், முற்றத்தில் கால் வைத்ததும் ஆட்டுவதை நிறுத்திவிட்டார்.

"வேலிமேல சாஞ்ச மாதிரி மரம் இருக்கே. ஒரு பிள்ளை ஏறினா கிளையப் பிடிச்சு அந்தப் பக்கம் இறங்கிடும். அந்தப் பக்கம் ரோடு."

"இதுவரைக்கும் யாரும் ஏறினதில்ல மேடம்."

"ஏறினதுக்கப்புறம் நான் வந்து என்னம்மா பண்றது? வேலியோரத்துல மரம் இருக்கக் கூடாது. வேலி இருக்கணும். மாசக் கடைசிக்குள்ள திரும்ப வருவேன். இல்லன்னா லைசென்ஸ் தர முடியாது."

லைசென்ஸ் இல்லை என்றால் காப்பகம் இல்லை. காப்பகம் இல்லை என்றால் அத்தனை அம்மாக்களும் மறுநாள் காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் ஓட வேண்டும். சித்திக்கோ, வேறு எந்த வேலையும் தெரியாது, தெரிந்திருந்தாலும் பிடிக்காது.

மத்தியானம் சித்தப்பா வந்தார். டெலிபோன் லைன் வேலை. தோளில் எந்நேரமும் ஒரு வளையம் கம்பி தொங்கும். வாளியின் கைப்பிடி, கதவின் தாழ்ப்பாள், சித்தியின் மூக்குக் கண்ணாடி என்று அந்த வீட்டில் உடைந்த எதையும் அவர் மாற்றியதில்லை, கம்பியால் கட்டியிருக்கிறார்.

ரம்பம் உடைந்த கதையைக் கேட்டதும் அவர் முகத்தில் என்னவோ ஓடியது.

"அப்ப விட்டுடு. மரத்துக்கு இஷ்டமில்லபோல."

"என்னங்க பேச்சு இது? லைசென்ஸ் போனா மரமா வந்து நமக்கு சோறு போடும்?"

"அதுக்கில்ல. கிளைய மட்டும் கழிச்சுட்டா போதாதா? அடிமரம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"உங்களுக்கு என்ன திடீர்னு மரத்துமேல பாசம்?"

அவர் கை கழுவப் போனார். ஏற்கெனவே கழுவிய கை. சித்திக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனால் ரம்பக்காரர் வந்துவிட்டார்.

புதுச் சங்கிலி. தரையோடு தரையாக வைத்தார். இந்தத் தடவை ரம்பம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. முதல் மரம் முனகியது, ஆடியது, முற்றத்துப் பக்கம் சாய்ந்தது.

சித்தி கைதட்டப் போனாள். கை பாதியில் நின்றது.

மரத்தோடு வேலியும் சாய்ந்தது. ஒரு துண்டு அல்ல, கொடியில் காயும் போர்வையை ஒரு முனையில் இழுத்ததுபோல் அந்தப் பக்கம் முழுக்க மடமடவென்று சரிந்து, அடுத்த மரத்தில் போய்த் தொங்கிக்கொண்டு நின்றது. அந்த இடைவெளியில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இத்தனை பக்கத்தில் லாரியைப் பார்த்த பிள்ளைகள் ஜன்னல் வழியாக ஓவென்று குதூகலித்தார்கள்.

"வேலிக்குக் கம்பம் எங்க?" என்றார் ரம்பக்காரர்.

சித்தி குனிந்து பார்த்தாள். ஒரு காலத்தில் மரக்கம்பங்கள் இருந்த குழிகள் தெரிந்தன. கம்பங்கள் இல்லை. உளுத்துப் போய் மண்ணோடு மண்ணாகியிருந்தன. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு மரத்தின் கழுத்திலும், பட்டைக்குள் பாதி புதைந்து, அழகாக முறுக்கிக் கட்டிய கம்பி. அந்த முறுக்கு அவளுக்குத் தெரியும். அவள் மூக்குக் கண்ணாடியில் இருப்பதும் அதே முறுக்குதான்.

மெதுவாகத் திரும்பினாள்.

"அது வந்து," என்றார் சித்தப்பா, "ஒரு கம்பம் உளுத்துச்சு. பக்கத்துலயே மரம் நின்னுச்சு. அதுல கட்டிட்டேன். அப்புறம் இன்னொண்ணு உளுத்துச்சு."

"அப்புறம்?"

"அங்கயும் மரம் நின்னுச்சு."

"எல்லாத்தையுமா?"

"மரம் உளுக்காதுல்ல. நல்ல ஐடியாதானே."

"இத்தனை வருஷமா நான் இந்த மரத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன், நீங்க அதுக்குத் தாலி கட்டி வச்சிருக்கீங்க."

ரம்பக்காரர் மெஷினைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். குடும்பச் சண்டைக்கு நடுவில் நிற்க நேர்ந்தால் மெஷினைத் துடைப்பது அவர் தொழிலில் வழக்கம். "மிச்சத்தையும் வெட்டணுமா சித்தி? வெட்டினா மரமும் இருக்காது, வேலியும் இருக்காது. ஆபீஸர் கேட்டதுல பாதி நடக்கும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். இங்கே பூதத்தை வெட்டக் கிணறு கிளம்பிவிட்டது.

புதுக் கம்பம் நட்டால் தீர்ந்தது என்று சித்தி நினைத்தாள். நினைப்பது சுலபம். வேலி போடுகிறவர் அடுத்த மாதம்தான் வர முடியும் என்றார். நானே தோண்டுகிறேன் என்று சித்தப்பா கடப்பாரையை எடுத்தார். முதல் குத்தில் கடப்பாரை எகிறித் திரும்பி வந்தது. மண்ணுக்கடியில் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாய் முடைந்து வைத்திருந்தன. கையில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். ஒரு சாண் குழி விழவில்லை. கொப்புளத்தைப் பார்த்து ஆயா சொன்னாள், "ஓணானைத் தூக்கி மடியில விட்டவருக்கு இதாவது வரணும்ல."

கடைசியில் ஒரு வழியை ரம்பக்காரர்தான் சொன்னார். மரங்களை வேலி உயரத்துக்கு வெட்டிவிடுவது. கிளை இல்லை, தலை இல்லை, வெறும் முண்டம். கம்பி அந்த முண்டங்களிலேயே நிற்கும். ஏறப் பிடிமானமும் இருக்காது.

சித்தி உடனே ஆபீஸர் அம்மாவுக்கு போன் செய்தாள்.

"மேடம், வேலிக் கம்பம் மரத்துல இருக்கலாமா?"

"மரக்கம்பமா? தாராளமா இருக்கலாம்."

"அது ஏற்கெனவே அங்க நின்ன மரம்னா?"

ஆபீஸர் சொன்னார், "இங்க பாருங்கம்மா. செத்துப் போன கட்டைன்னா கம்பம்னு எழுதிக்கிறேன். உயிரோட இருந்தா அது மரம். இலை விட்டா மரம். புரியுதா?"

புரிந்தது. அன்று மாலைக்குள் எல்லா மரத்துக்கும் மொட்டை விழுந்தது. சரிந்த வேலியைத் தூக்கி, வெட்டிய முதல் மரத்தின் முண்டத்தையே அந்த இடைவெளியில் நிறுத்தி முட்டுக்கொடுத்தார்கள். வானம் பளிச்சென்று தெரிந்தது. சித்தி நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தாள். நெடுநாளைக்குப் பிறகு ஒரு டீ டீயாக இருந்தது.

அந்த நிம்மதி அடுத்த வாரம் வரைதான். ஒரு காலையில் துணி காயப்போட வந்தவள், ஒரு முண்டத்தின் பக்கவாட்டில் குண்டூசித் தலை மாதிரி சிவப்பாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். வந்துவிட்டது. மறுநாள் அதே இடத்தில் நான்கு. அதற்கு மறுநாள் எல்லா மரத்திலும். தலையை வெட்டினால் மரம் செத்துவிடும் என்று யார் சொன்னது? கோபம்தான் வந்திருந்தது அதற்கு. இடுப்பில், கணுக்காலில், கம்பி நுழையும் துவாரத்தில் என்று எங்கெல்லாம் கண் படாதோ அங்கெல்லாம் துளிர்த்தது. தார் பூசினார்கள், தாரைப் பிளந்துகொண்டு வந்தது. சாக்குச் சுற்றினார்கள், சாக்கின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது.

"இது செத்தா நான் மொட்டை போட்டுக்கிறேன்," என்றாள் ஆயா.

"அது மொட்டை போட்டுத்தான் இப்படி வருது. நீ வேற," என்றாள் சித்தி.

இரண்டு பேரால் கிள்ளி மாளவில்லை. உயரத்தில் இருப்பது தெரிந்தது. தாழ்வில் இருப்பதைக் குனிந்து தேட சித்தியின் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அந்த வீட்டில் எந்த வேலையும் வேலையாக நடப்பதில்லை, விளையாட்டாகத்தான் நடக்கும். செருப்பை அடுக்குவது விளையாட்டு, பொம்மையைப் பெட்டியில் போடுவது விளையாட்டு, மூக்குச் சிந்துவதுகூட விளையாட்டு. சித்திக்கு வேறு மாதிரி யோசிக்கவும் வராது. ஆயா பக்கத்தில் நிற்க, பிள்ளைகளை வேலியோரம் விட்டாள்.

"யாரு இலை கண்டுபிடிச்சுக் கொண்டு வர்றீங்களோ அவங்க கையில நட்சத்திரம்."

ஒட்டுகிற காகித நட்சத்திரம். அது போதும். ஒரு டஜன் பேரும் வேட்டைநாய் மாதிரி பாய்ந்தார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பி ஒரு துளிர் நிற்க முடியவில்லை. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் 'கேள்வி' என்றே பெயர் வாங்கிய ஒரு சிறுமிக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நட்சத்திரம். வேலி மழமழவென்று நின்றது. சித்தி தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டாள்.

ஆபீஸர் அம்மா வருகிற நாள். விடிந்ததும் விடியாததுமாகச் சித்தியும் ஆயாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒவ்வொரு முண்டத்தையும் தடவித் தடவிப் பார்த்துக் கிள்ளினார்கள். பிறகு பிள்ளைகளை உட்காரவைத்து, "இன்னைக்கு இலை விளையாட்டு கிடையாது. வேலிப் பக்கமே போகக் கூடாது. சமத்தா இருக்கணும்," என்று சொல்லியாகிவிட்டது.

ஆபீஸர் நேராக முற்றத்துக்கு வந்தார். ஒவ்வொரு முண்டமாக நின்று பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. சித்தப்பா மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்.

"இது எல்லாம் பட்டுப் போச்சா?"

"பட்டுப்போச்சு மேடம்," என்றார் சித்தப்பா.

ஆபீஸர் கடைசிவரை போய்த் திரும்பினார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். அப்போது அவருடைய சேலையை யாரோ இழுத்தார்கள்.

கேள்வி நின்றிருந்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அதில் சிவப்பாக, மினுமினுவென்று ஒரு துளிர்.

"இதுக்கு நட்சத்திரம் நீங்க தருவீங்களா? சித்தி இன்னைக்குத் தரமாட்டாங்களாம்."

"இது எங்க கிடைச்சுது கண்ணு?"

"நேத்து இந்த மரத்துல. நான் வச்சிருந்தேன். நாளைக்கு இன்னும் நிறைய வரும். டெய்லி வரும்."

அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்குத் தாங்கவில்லை. நட்சத்திரம் கொடுக்க ஒரு புது ஆள் வந்திருக்கிறார் என்று செய்தி பரவிவிட்டது. ஆளாளுக்குச் சட்டைப் பையிலிருந்து, சாக்ஸுக்குள்ளிருந்து, ஒருவன் கன்னத்துக்குள்ளிருந்துகூட, வாடியதும் வாடாததுமாகத் துளிர்களை எடுத்து ஆபீஸரின் கையில் வைத்தார்கள். கை நிறைந்தது. சித்தப்பா வானத்தைப் பார்த்தார். ஆயா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

ஆபீஸர் பேனா மூடியைத் திரும்பப் போட்டார்.

"பட்டுப்போச்சுன்னு சொன்னீங்க."

சித்தி முன்னால் வந்தாள். "சொன்னது தப்பு மேடம். படல. நான் என்ன பண்ணாலும் படமாட்டேங்குது. உப்பு போட்டாச்சு, தார் போட்டாச்சு, தலையையும் எடுத்தாச்சு. கம்பம் நடலாம்னா மண்ணு விடல. மரத்தை எடுத்தா வேலி விழுது, வேலிய நிறுத்தினா மரம் முளைக்குது. நான் எந்தப் பக்கம் போறதுன்னு நீங்களே சொல்லுங்க. பிள்ளைங்கள அனுப்பிட்டுப் பூட்டிடுன்னு மட்டும் சொல்லாதீங்க."

ஆபீஸர் கையிலிருந்த துளிர்களைப் பார்த்தார். அவற்றை எங்கே போடுவது என்று தெரியாமல் தன் கைப்பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

"இத வேலின்னு என்னால எழுத முடியாதும்மா. இது மரம். ஒரு வருஷத்துல திரும்பக் கிளை வரும். நாளைக்கே ஏதாவது ஆச்சுன்னா நீங்களும் நானும் சேர்ந்து பதில் சொல்லணும்." கொஞ்சம் யோசித்து முற்றத்தை அளப்பதுபோல் பார்த்தார். "வேலி அங்கதான் இருக்கணும்னு யாரு சொன்னா?"

"பின்ன?"

"உள்ள தள்ளிப் போடுங்க. அந்த சிமென்ட் தரை ஆரம்பிக்கிற இடத்துல. அங்க வேரும் கிடையாது, தோண்டவும் வேண்டாம். இரும்புக் கம்பத்துக்குத் தகடு வச்சு போல்ட் போட்டா நிக்கும். மரம் அந்தப் பக்கம் என்ன வேணா பண்ணட்டும்."

சித்தி அந்த இடத்தைப் பார்த்தாள். இத்தனை வருடம் அந்த மரங்களை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்றே நினைத்தவள், தான் இந்தப் பக்கம் நகர்ந்துவிடலாம் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. நினைக்கும்போதே எரிச்சலாக வந்தது. தோற்றுப்போன எரிச்சல்.

"ஆனா," என்றார் ஆபீஸர்.

இந்த ஒரு வார்த்தையைச் சித்தி எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"முற்றம் சின்னதாயிடும். தலைக்கு இவ்வளவு இடம்னு கணக்கு இருக்கு. இத்தனை பிள்ளைங்களுக்குப் பத்தாது. ரெண்டு பேரைக் குறைக்கணும். இல்லன்னா வேற எங்கயாவது அவ்வளவு இடம் காட்டணும்."

சித்தி பிள்ளைகளைப் பார்த்தாள். நட்சத்திரம் கிடைக்காத ஏமாற்றத்தில் கேள்வி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். அவள் அம்மா மருத்துவமனையில் இரவும் பகலும் மாறி மாறி வேலை பார்ப்பவள். பக்கத்தில், துளிரை மென்று நாக்குச் சிவந்துபோய் நின்றவனுக்கு அப்பா மட்டும்தான். யாரை அனுப்புவது? யார் வீட்டு வாசலில் போய் நின்று அதைச் சொல்வது?

அவள் கண் முற்றத்தின் மறுமூலைக்குப் போனது. அங்கே சித்தப்பாவின் தகரக் கொட்டகை. கம்பிச் சுருள், பழைய டெலிபோன், கால் போன நாற்காலி, என்றைக்காவது உதவும் என்று அவர் சேர்த்து வைத்த அத்தனையும், நடுவில் அவருடைய பைக்கும்.

சித்தப்பாவும் அங்கே பார்த்தார். அவள் எதைப் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்.

"அந்தக் கொட்டகைய எடுத்தா இடம் சரியா வருமா மேடம்?"

"தாராளமா வரும்."

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்," என்றார் சித்தப்பா.

"இன்னைக்கு," என்றாள் சித்தி.

"பைக்கை எங்க நிறுத்துறது?"

"தெருவுல."

"மழை வந்தா?"

"நனையும். நீங்களும் வேணா கூட நின்னுக்குங்க."

அடுத்த மாசக் கடைசிக்குள் புது வேலியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு ஆபீஸர் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது கேள்வியிடம் மட்டும் குனிந்து ஏதோ சொன்னார்; நட்சத்திரம் இல்லாததால் பேனாவால் அவள் கையில் ஒன்று வரைந்துவிட்டுப் போனார்.

பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் கொட்டகை காலியாக ஆரம்பித்தது. சித்தப்பா ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சோடு வாசலில் வைத்தார். சித்தி கடைசித் தகரத்தின் போல்டைக் கழற்ற உட்கார்ந்தாள். அது துருப்பிடித்து இறுகியிருந்தது. ஸ்பானர் வழுக்கியது. மறுபடி மாட்டினாள். மறுபடி வழுக்கி, விரல் முட்டி தகரத்தில் இடித்தது.

"வேற ஸ்பானர் இருக்கா?"

"இருந்துச்சு. அந்தக் குவியல்ல எங்கயோ கிடக்கும். நீதானே எல்லாத்தையும் வெளிய போடச் சொன்ன."

சித்தி விரலை வாயில் வைத்துக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாசலுக்குப் போய், குவியலுக்குமுன் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தார்.